நூற்றாண்டு எந்த நாளில் பிறக்கிறது?

1999 டிசம்பர் 31 நள்ளிரவில் உலகம் முழுக்க வாணவேடிக்கை. புத்தாயிரம் பிறந்துவிட்டது என்று எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். 1995இல் தேதிக்கோட்டைத் தன் கிழக்கு எல்லைக்கு அப்பால் தள்ளி வைத்திருந்த கிரிபாட்டி என்ற பசிபிக் தீவுநாடு, முதல் விடியலைக் காணப்போகும் கரோலின் தீவுக்கு ‘மில்லேனியம் தீவு’ என்றே பெயர் சூட்டியது. இந்த ஆரவாரத்துக்கு நடுவே ஒரு சிறு கூட்டம் மட்டும் முகம் சுளித்துக்கொண்டு, “இன்னும் ஓராண்டு பொறுங்கள், 2001இல்தான் அது பிறக்கும்” என்றது.

கால் நூற்றாண்டு ஓடியும் இந்தச் சச்சரவு ஓயவில்லை. “ஆண்டின் முதல் இலக்கமே மாறிவிட்டதே, வேறென்ன வேண்டும்?” என்கிறது ஒரு தரப்பு. “பூஜ்யமாம் ஆண்டு என்று ஒன்று கிடையாதே” என்கிறது மறு தரப்பு. கணக்கில் இரண்டாவது தரப்பு சரி. ஆனால் பெரும்பாலும் அவர்களும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஓர் ஆண்டின் மேல் ஒட்டியிருக்கும் எண் எதைச் சொல்கிறது என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி. எல்லா நாட்காட்டிகளிலும் அது ஒரே பொருளைச் சொல்வதில்லை. ஒரு நாட்காட்டியில் சரியான விடை இன்னொன்றில் தவறாகிவிடும்.

## ஐந்தாம் தேதி, ஐந்து மணி

“ஐந்தாம் தேதி காலை ஐந்து மணிக்கு வருகிறேன்” என்று ஒருவர் சொல்கிறார். இதில் இரண்டு ஐந்துகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல.

மணி ஐந்து என்றால் நள்ளிரவிலிருந்து ஐந்து மணி நேரம் முழுதாகக் கழிந்துவிட்டது என்று பொருள். தேதி ஐந்து என்றால் மாதத்தில் ஐந்து நாள் கழிந்துவிட்டது என்றா பொருள்? இல்லை. நான்கு நாள்தான் முழுதாகக் கழிந்திருக்கிறது. ஐந்தாவது நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் 24 மணி நேரக் கடிகாரம் 00:00 என்று தொடங்குகிறது, மாதமோ ஒன்றாம் தேதியில் தொடங்குகிறது. பூஜ்யமாம் தேதியைக் காணோமே என்று யாரும் தேடுவதில்லை.

வயதும் கடிகாரத்தைப் போன்றதுதான். பிறந்து எட்டு மாதமான குழந்தை தன் முதலாம் ஆண்டில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வயது ஆகவில்லை. ஒரு வயது நிறைந்த மறுநாளே அது இரண்டாம் ஆண்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

இந்த இரண்டு வகைக்கும் பெயர் வைத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருப்பது எத்தனையாவது ஆண்டு என்று சொன்னால் அது நடப்பு ஆண்டு எண். எத்தனை ஆண்டுகள் முழுதாக முடிந்தன என்று சொன்னால் அது கழிந்த ஆண்டு எண். பழைய தமிழ் ஆவணங்களில் ‘சென்ற’ என்று வருவது இந்தக் கழிந்த கணக்குதான். இன்றைய பேச்சில் ‘சென்ற ஆண்டு’ போன வருஷம் என்றாகிவிட்டதால் அந்தச் சொல்லை இங்கே தவிர்க்கிறேன்.

எண்ணத் தொடங்கும் இடத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். ஒரு நாட்காட்டி எந்த நாளிலிருந்து ஆண்டுகளை எண்ணுகிறதோ அந்த நாள் அதன் தொடக்கநாள். அங்கிருந்து ஓடும் தொடர் எண்ணிக்கை சகாப்தம்.

சுருக்கமாக: நடப்புக் கணக்கில் முதல் ஆண்டின் எண் 1. கழிந்த கணக்கில் முதல் ஆண்டின் எண் 0. இந்த ஒன்றின் வித்தியாசம்தான் நூற்றாண்டின் பிறந்தநாளை ஓராண்டு முன்னும் பின்னும் இழுக்கிறது.

## நூறாவது பக்கம் எந்தக் கட்டில்?

ஒரு தடித்த புத்தகத்தை நூறு நூறு பக்கங்களாகப் பிரித்துக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் கட்டில் 1 முதல் 100 வரை இருக்கும். 100ஆம் பக்கத்தை இரண்டாம் கட்டில் வைத்தால் முதல் கட்டில் 99 பக்கம்தான் தேறும். இரண்டாம் கட்டு 101இல் தொடங்கும், இருபத்தொன்றாம் கட்டு 2001இல் தொடங்கும்.

கி.பி. ஆண்டுகள் நடப்பு ஆண்டுகள். எனவே முதலாம் நூற்றாண்டு 1 முதல் 100 வரை, இருபதாம் நூற்றாண்டு 1901 முதல் 2000 வரை. 2001 ஜனவரி 1 அன்று இருபத்தொன்றாம் நூற்றாண்டும் மூன்றாம் ஆயிரமாண்டும் சேர்ந்தே தொடங்கின.

அப்படியானால் ‘1900கள்’ என்று சொல்கிறோமே, அது? அது வேறு கட்டு. பக்க எண்ணின் முன்பாதி 19 என்று தொடங்குபவற்றையெல்லாம் ஒன்றாக அள்ளிக் கட்டியது. 1900 முதல் 1999 வரை அதிலும் நூறு ஆண்டுகள்தான், ஆனால் அது இருபதாம் நூற்றாண்டு அல்ல. 1900 என்ற ஆண்டு 1900களில் முதலாவது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடைசி. ‘தொண்ணூறுகள்’ என்று பத்தாண்டைச் சொல்லும்போதும் இந்த அள்ளிக் கட்டும் முறையைத்தான் பின்பற்றுகிறோம். 1990 அதில் உண்டு, 2000 இல்லை. இதில் தவறே இல்லை. 2000இல் வாணவேடிக்கை விட்டவர்கள் ‘2000கள்’ பிறந்ததைக் கொண்டாடியதாகச் சொல்லியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க முடியாது.

இந்தக் குழப்பத்தில் விழுந்தவர்கள் சாமானியர்கள் மட்டுமல்ல. ரஷ்யாவின் முதலாம் பீட்டர் 1699 டிசம்பரில் பிறப்பித்த ஆணையில், வரும் ஜனவரி முதல் நாளில் 1700ஆம் ஆண்டோடு புதிய நூற்றாண்டும் பிறக்கிறது என்று அறிவித்தார். ஜெர்மனியில் இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசரின் ஆட்சி 1900 ஜனவரி 1ஐ இருபதாம் நூற்றாண்டின் முதல் நாளாக அதிகாரபூர்வமாகக் கொண்டாடியது. அண்டை நாடுகள் பலவற்றில் அது 1901இல்தான் பிறந்தது. எண்களுக்கு அரசாணை செல்லுபடியாகாது என்று சிரிக்கலாம். ஆனால் வரலாற்றை எழுதுகிறவர் அந்த ஓராண்டில் ஜெர்மனியில் எந்த நூற்றாண்டு நடந்தது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

## ஆண்டு 1இல் யாரும் வாழவில்லை

கி.பி. 1இல் வாழ்ந்த எவருக்கும் அது ஆண்டு 1 என்று தெரியாது. அந்த எண் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒட்டப்பட்டது. 525இல் ரோமில் வாழ்ந்த டயோனீசியஸ் எக்சிகூஸ் என்ற துறவி, ஈஸ்டர் திருநாளின் தேதிகளை வரிசையாகக் கணித்து ஓர் அட்டவணை எழுதினார். அதுவரை அத்தகைய அட்டவணைகள் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஆட்சியேறிய 284ஐத் தொடக்கமாகக் கொண்டிருந்தன. கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்த ஒரு மன்னனின் பெயரால் ஆண்டுகளை எண்ண டயோனீசியஸுக்கு மனமில்லை. டயோக்ளீஷியன் ஆண்டு 247க்கு அடுத்ததை 248 என்று எழுதாமல், இயேசு அவதரித்ததிலிருந்து 532ஆவது ஆண்டு என்று எழுதினார்.

இந்தக் கணக்கைப் பரவலாக்கியவர் பீட் என்ற ஆங்கிலத் துறவி. 731இல் முடித்த தன் திருச்சபை வரலாற்றில் அவர் இதையே பயன்படுத்தினார். இயேசுவுக்கு முன்பு நடந்ததைக் குறிக்க, ‘அவதாரத்துக்கு முன் இத்தனையாவது ஆண்டு’ என்று பின்னோக்கியும் எண்ணினார். இரண்டு பக்கமும் நடப்பு ஆண்டுகள்தான். ஆகவே கி.மு. 1 முடிந்த மறுநாள் கி.பி. 1. இடையில் ஒன்றுமில்லை.

டயோனீசியஸின் கணக்கே பிசகியது என்பது தனிக் கதை. இயேசு ஏரோது மன்னன் காலத்தில் பிறந்தார் என்கிறது விவிலியம். ஏரோது கி.மு. 4இல் இறந்ததாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இயேசு பிறந்து இரண்டாயிரம் ஆண்டுகள் 1997க்குள் நிறைந்துவிட்டன. 2000 என்றும் 2001 என்றும் சண்டையிட்டவர்கள் இருவருமே வண்டி போன பிறகு நிலையத்துக்கு வந்தவர்கள்.

## பூஜ்யத்தின் மீது பழி

“அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்குப் பூஜ்யம் தெரியாது, அதனால்தான் பூஜ்யமாம் ஆண்டு இல்லை.” இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. கேட்கச் சுவையாக இருக்கிறது. உண்மை அதில் பாதிதான்.

ரோம எண்களில் பூஜ்யத்துக்கு இலக்கம் இல்லை என்பது சரி. ஆனால் டயோனீசியஸ் தன் அட்டவணையில் நிலவின் வயது ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டிய இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்ற பொருள்படும் ‘நுல்லா’ என்ற லத்தீன் சொல்லை எழுதியிருக்கிறார். ஒன்றுமில்லாததைக் கணக்கில் வைக்க அவருக்குத் தெரிந்தே இருந்தது. அவர் எண்ணியது ‘ஆண்டவரின் இத்தனையாவது ஆண்டு’ என்று. எத்தனையாவது என்று கேட்டால் பூஜ்யத்தை நன்கு அறிந்தவர்களும் ‘முதலாவது’ என்றுதான் தொடங்குவார்கள். பூஜ்யம் தெரிந்த நாம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கவில்லையா?

## கி.மு.வைத் தாண்டும்போது

நடப்பு ஆண்டுக் கணக்கு ஒரு திசையில் மட்டும் போகும்வரை சிக்கல் தராது. கி.மு.விலிருந்து கி.பி.க்குத் தாண்டும்போது காலை வாரிவிடும்.

ரோமக் கவிஞர் வெர்ஜில் கி.மு. 70 அக்டோபர் 15இல் பிறந்தார். அவருடைய இரண்டாயிரமாவது பிறந்தநாளை இத்தாலி 1930இல் கொண்டாடியது. 70ஐயும் 1930ஐயும் கூட்டினால் 2000 வருகிறதே! ஆனால் இடையில் பூஜ்யமாம் ஆண்டு இல்லாததால், கி.மு. 70 அக்டோபரிலிருந்து கி.பி. 1930 அக்டோபர் வரை கழிந்தவை 1999 ஆண்டுகள்தான். இரண்டாயிரம் நிறைந்தது 1931இல். கி.மு. எண்ணையும் கி.பி. எண்ணையும் கூட்டி, ஒன்றைக் கழித்தால்தான் இடைவெளி வரும்.

வானியலாளர்களுக்கு இந்த ‘ஒன்றைக் கழி’ தொல்லை பொறுக்கவில்லை. கிரகணங்களைப் பின்னோக்கிக் கணிக்கும்போது ஒவ்வொரு முறையும் இதை நினைவில் வைத்திருக்க முடியுமா? 1740இல் பிரெஞ்சு வானியலாளர் ஜாக் காசினி தன் அட்டவணைகளில் கி.மு. 1ஐ 0 என்றே எண்ணினார். கி.மு. 2 அதன்படி −1. வானியலில் இன்றும் இதுதான் வழக்கம். தேதிகளை எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமும் 0000 என்ற ஆண்டை ஏற்கிறது. ஆகவே ‘பூஜ்யமாம் ஆண்டு கிடையாது’ என்பதைக்கூட, எந்தக் கணக்கில் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பௌத்த சகாப்தத்தில் இதே ஒன்று நாடுகளையே பிரித்திருக்கிறது. புத்தர் பரிநிர்வாணம் அடைந்ததைத் தேரவாத மரபு கி.மு. 544 என்று கொள்கிறது. 2500 என்ற எண் இலங்கைக்கும் மியான்மருக்கும் 1956இல் வந்தது. யாங்கோனில் ஈராண்டு நடந்த ஆறாம் பௌத்த மாநாடு அந்த வைகாசிப் பௌர்ணமியில்தான் நிறைவடைந்தது. தாய்லாந்துக்கு அதே எண் 1957இல் வந்தது. ஒரு பக்கம் ஓடும் ஆண்டை எண்ணுகிறது, மறு பக்கம் கழிந்த ஆண்டை எண்ணுகிறது. நிகழ்வு ஒன்று, மரபு ஒன்று, 2500ஆம் ஆண்டு மட்டும் இரண்டு.

## கழிந்ததை எண்ணும் சகாப்தங்கள்

இந்தியச் சகாப்தங்கள் பலவும் கடிகாரத்தின் பக்கம். ஆரியபட்டர் தன் வயதைச் சொல்லும் இடமே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மூன்று யுகங்களும், அதன் பின் அறுபது அறுபது ஆண்டுகளும் கழிந்தபோது, தான் பிறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன என்கிறார். அறுபதை அறுபதால் பெருக்கினால் 3600. கலியுகத்தின் தொடக்கநாள் கி.மு. 3102 பிப்ரவரி 18. அங்கிருந்து 3600 ஆண்டுகள் கழிந்தால் வருவது கி.பி. 499. வயதும் கழிந்த எண், கலி ஆண்டும் கழிந்த எண். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்.

கழிந்த கணக்கில் எண் முழுதாக உருளும் நாளே நூற்றாண்டின் பிறந்தநாள். 1899 ஏப்ரலில் கலி 5000 என்று எண் மாறியபோது ஐயாயிரம் ஆண்டுகள் உண்மையிலேயே நிறைந்திருந்தன. ஓராண்டு பொறுங்கள் என்று சொல்ல அங்கே யாருக்கும் இடமில்லை. கிலோமீட்டர் காட்டியில் 5000 என்று விழும்போது வண்டி ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடி முடித்திருக்குமே, அதுபோல.

கல்வெட்டுகளை வாசித்தவர்களுக்கு ஒரு தொடர் பழக்கமானது: சகாப்தம் இத்தனை ‘இதின்மேல் செல்லாநின்ற’ இன்ன வருஷம். எண்ணால் சொன்னது கழிந்துவிட்டது, அதன் மேல் இன்ன பெயர் கொண்ட ஆண்டு நடந்துகொண்டிருக்கிறது. கழிந்ததற்கு எண், நடப்பதற்குப் பெயர்! இரண்டு வகை எண்ணிக்கையையும் குழப்பமே இல்லாமல் ஒரே வரியில் வைத்துவிட்ட அந்தக் கல்வெட்டு எழுத்தர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

சக ஆண்டின் தொடக்கம் கி.பி. 78. வானியற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி இந்திய அரசு இதைத் தேசிய நாட்காட்டியாக ஏற்றது. 1957 மார்ச் 22 என்பது சக ஆண்டு 1879இன் சைத்ர மாதம் முதல் நாள். சக எண்ணும் மரபுப்படி கழிந்த எண்தான். எனவே சக 2000 என்று எண் மாறும் 2078 மார்ச் 22 அன்றே இரண்டாயிரம் ஆண்டுகள் நிறைந்து மூன்றாம் ஆயிரம் தொடங்கும்.

விதிவிலக்கு கேரளத்தின் கொல்லம் ஆண்டு. 825இல் தொடங்கும் இது நடப்பு எண்ணை வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 17 அன்று கொல்லம் 1200 பிறந்தது. பக்கக் கட்டுக் கணக்குப்படி அது பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டு 2025 ஆகஸ்ட் 17இல்தான் தொடங்கியது.

சுருக்கமாக: நடப்பு எண் கொண்ட சகாப்தத்தில் நூற்றாண்டு 01இல் பிறக்கும். கழிந்த எண் கொண்ட சகாப்தத்தில் 00இல் பிறக்கும். எது எந்த வகை என்று தெரியாமல் விடை சொல்லக் கூடாது.

## நூறு ஆண்டு என்றால் எத்தனை நாள்?

இதுவரை எண்ணைப் பார்த்தோம். அந்த எண் எதை எண்ணுகிறது என்று இனிப் பார்க்க வேண்டும். எல்லா நாட்காட்டியிலும் ஓர் ஆண்டு ஒரே நீளமல்ல.

இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டு நிலவின் பன்னிரண்டு மாதங்கள் மட்டுமே கொண்டது: 354 அல்லது 355 நாள். சூரியனோடு ஒத்துப்போக அதில் மாதம் சேர்ப்பதில்லை. எனவே நூறு ஹிஜ்ரி ஆண்டுகள், ஆங்கில நாட்காட்டியில் ஏறத்தாழ 97 ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். இந்த வேகத்தில் ஓடி, 622இல் தொடங்கிய ஹிஜ்ரி எண் 20874ஆம் ஆண்டில் கி.பி. எண்ணைப் பிடித்துவிடும்.

இந்தச் சகாப்தத்தை நிறுவியவர் கலீபா உமர். நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த ஆண்டை முதலாம் ஆண்டாக வைத்ததால் இதுவும் நடப்பு எண். அந்த ஆண்டின் முதல் மாதமான முஹர்ரத்தின் முதல் நாள் 622 ஜூலை 16இல் வருகிறது. இங்கேயும் 00க்கும் 01க்கும் இடையிலான இழுபறி உண்டு. ஹிஜ்ரி 1400 முஹர்ரம் 1, அதாவது 1979 நவம்பர் 20 அன்று, மக்காவின் பெரிய பள்ளிவாசலை ஓர் ஆயுதக் குழு கைப்பற்றியது. புது நூற்றாண்டின் வாசலில், இறுதிக் காலத்தில் வருவார் என்று நம்பப்படும் மீட்பரான மஹ்தி தோன்றிவிட்டார் என்று அவர்கள் அறிவித்தார்கள். எண்ணிப் பார்த்தால் 1400 என்பது பதினான்காம் நூற்றாண்டின் கடைசி ஆண்டு. பதினைந்தாம் நூற்றாண்டு 1980 நவம்பரில், 1401 பிறந்தபோது தொடங்கியது.

முகலாயப் பேரரசர் அக்பர் காலத்தில் ஹிஜ்ரி 1000 நெருங்கியது. அதை முன்னிட்டு அவர் எழுதச் சொன்ன ‘ஆயிரமாண்டு வரலாறு’ என்ற பொருள்கொண்ட தாரீக்-இ-அல்ஃபி, ஆண்டுகளை நபிகளின் மதீனாப் பயணத்திலிருந்து எண்ணவில்லை. நபிகள் மறைந்ததிலிருந்து எண்ணியது. தொடக்கநாளைச் சற்று நகர்த்தினால் ஆயிரமாண்டும் கூடவே நகர்ந்துவிடும்.

ஆங்கில நாட்காட்டி ஒழுங்கானது என்று நினைப்பவர்களுக்கு: இருபதாம் நூற்றாண்டில் 36,525 நாள்கள் இருந்தன, இந்த நூற்றாண்டில் 36,524தான் இருக்கும். நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு. 2000 அப்படி வகுபட்டது, 2100 வகுபடாது. இந்த விதி வந்ததே 1582இல், பழைய ஜூலியன் நாட்காட்டியைத் திருத்தியபோது. அந்த ஆண்டு ரோமில் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. பதினாறாம் நூற்றாண்டு அங்கே பத்து நாள் இளைத்தது. இங்கிலாந்து 1752வரை இதை ஏற்காமல் இருந்து, ஏற்றபோது செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 என்று பதினொரு நாளைத் தூக்கியது. ஜனவரி 1 முதல் எண்ணினால் அவர்களுடைய பதினெட்டாம் நூற்றாண்டுக்கு 36,513 நாள்தான்.

‘ஜனவரி 1 முதல் எண்ணினால்’ என்று ஏன் இழுக்கிறேன் என்றால், 1751வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஸ்காட்லாந்து 1600லேயே ஜனவரிக்கு மாறிவிட்டது. ஒரே தீவில், 1701 ஜனவரி 1 அன்று, வடக்கே பதினெட்டாம் நூற்றாண்டு பிறந்தாயிற்று; தெற்கே சட்டப் புத்தகத்தில் இன்னும் 1700, பதினேழாம் நூற்றாண்டு. மாற்றத்துக்காக இங்கிலாந்தின் 1751, மார்ச் 25 முதல் டிசம்பர் 31 வரை 282 நாளிலேயே முடித்துவைக்கப்பட்டது.

## ஆண்டு எப்போது பிறக்கிறது, நாள் எப்போது பிறக்கிறது

கிழக்கு ரோமப் பேரரசின் நாட்காட்டியான, ரஷ்யாவும் பின்பற்றிய பைசாந்திய நாட்காட்டி, உலகம் படைக்கப்பட்டதாக நம்பிய கி.மு. 5509 செப்டம்பர் 1இல் தொடங்கி எண்ணியது. 7000ஆம் ஆண்டு 1492 ஆகஸ்ட் 31இல் முடிந்தது. ஏழாயிரத்தோடு உலகமும் முடியும் என்ற நம்பிக்கை ரஷ்யாவில் வலுவாக இருந்ததால், ஈஸ்டர் அட்டவணையை அதற்கு மேல் யாரும் எழுதி வைக்கவில்லை. செப்டம்பர் 1 வழக்கம்போல் விடிந்தது. மாஸ்கோவின் தலைமை ஆயர் சொசிமா உட்கார்ந்து எட்டாம் ஆயிரத்துக்கான அட்டவணையைக் கணிக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்காட்டியைத்தான் பின்னாளில் பீட்டர் கைவிட்டார். 7208 என்ற ஆண்டு செப்டம்பரில் பிறந்து டிசம்பரோடு, நான்கே மாதத்தில், 1700க்கு வழிவிட்டது.

விக்ரம சகாப்தத்தில் 2000 என்ற எண்ணே இரண்டு முறை பிறந்தது. வட இந்தியாவில் 1943 வசந்தத்தில், சைத்ர மாதத்தில்; குஜராத்தில் அதே ஆண்டு தீபாவளியை அடுத்து, கார்த்திக மாதத்தில். சகாப்தம் ஒன்றேதான், ஆண்டுப் பிறப்பு மட்டும் வேறு.

எபிரேய நாட்காட்டியிலும் உலகப் படைப்பே தொடக்கம். ஆண்டு பிறப்பது இலையுதிர் காலத்தில். அதன் 6000ஆம் ஆண்டு 2239இல் பிறக்கும். ஏழாம் ஆயிரம் 6001உடன் 2240இல் தொடங்கும். அது தொடங்குவதும் நள்ளிரவில் அல்ல. எபிரேய நாளும் ஹிஜ்ரி நாளும் சூரியன் மறைந்ததும் பிறந்துவிடுகின்றன. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. நள்ளிரவு, அந்தி, உதயம் என்று ஒரே ஊரில் நாள் மாறும் நேரமே மூன்று.

## நூற்றாண்டே இல்லாத கணக்குகள்

பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்களைச் சுழற்றும் வருஷ வட்டத்துக்கு நூற்றாண்டு என்ற கேள்வியே பொருந்தாது. 1987இல் பிரபவ வந்தது, 2047இல் மீண்டும் வரும். வட்டத்துக்குத் தொடக்கம் இருக்கிறது, வட்டங்களுக்கு எண் இல்லை.

மத்திய அமெரிக்காவின் மாயா மக்களின் நெடுங்கணக்கு ஆண்டுகளையே எண்ணவில்லை. கழிந்த நாள்களை எண்ணியது. 1,44,000 நாள் கொண்ட அலகுக்குப் பக்துன் என்று பெயர். அது ஏறத்தாழ 394 ஆண்டு. 2012 டிசம்பர் 21 அன்று அந்தக் கணக்கு 13.0.0.0.0 என்று உருண்டது. உலகம் அழியும் என்று அப்போது கிளம்பிய பீதி நினைவிருக்கலாம். நடந்ததோ, பதின்மூன்று பக்துன் கழிந்து பதினான்காவது தொடங்கியது மட்டுமே.

## அடுத்து வரும் சச்சரவுகள்

இன்று பிறக்கும் குழந்தைகள் முதிர்ந்திருக்கும்போது சில ஆண்டுகளுக்குள் வரிசையாகச் சில நாள்கள் வரும். 2076 நவம்பரில் ஹிஜ்ரி 1500 பிறக்கும். பதினாறாம் நூற்றாண்டு அதற்கடுத்த நவம்பரில், 1501உடன். நான்கு மாதம் கழித்து, 2078 மார்ச்சில் சக 2000. அங்கே காத்திருக்க வேண்டியதில்லை.

பிறகு 2100. அந்த ஆண்டின் ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. வாணவேடிக்கை அன்றுதான் நடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருபத்திரண்டாம் நூற்றாண்டு பிறப்பது அதற்கு 365 நாள் கழித்து, 2101 ஜனவரி 1, சனிக்கிழமை. நானூறு ஆண்டுகளில் சரியாக 20,871 வாரங்கள் அடங்கிவிடுவதால் இந்த நாட்காட்டியின் கிழமைகள் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த வரிசையில் நூற்றாண்டின் முதல் நாள் திங்கள், சனி, வியாழன், செவ்வாய் என்று மட்டுமே விழும். ஞாயிற்றுக்கிழமையில் அது பிறப்பதே இல்லை.